களிம்பேறிய சிப்பி

பிரான்சின் மேற்குக் கரையில் மரேன் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே சிப்பி வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது நிறத்தை. ஓட்டைத் திறந்ததும் செவுள் பச்சையாகத் தெரிந்தால் விலை கூடும். கரையோரத்துப் பழைய உப்பளப் பாத்திகளில் சிப்பியைக் கொண்டுபோய் விடுவார்கள். அந்தத் தேங்கிய தண்ணீரில் வாழும் ஒரு நுண்பாசியின் நீலச் சாயம் செவுளில் ஏறி, அதைப் பச்சையாக்கும். இந்த நிறத்துக்காகவே வளர்ப்பவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலின் ஃபால் கழிமுகத்திலும் பச்சைச் சிப்பி கிடைத்தது. அதற்கு விலை கூடவில்லை, பெயர்தான் கெட்டது. 1890களில் லிவர்பூலின் விலங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மனும் நோயியல் அறிஞர் ரூபர்ட் பாய்ஸும் இப்படிப்பட்ட சிப்பிகளை அறுத்துப் பார்த்தார்கள். பாசிக்கு இதில் வேலையே இல்லை என்று தெரிந்தது. சிப்பியின் இரத்த அணுக்களே பச்சையாக இருந்தன, அவற்றுக்குள் செம்பு இருந்தது. (இந்த ஹெர்ட்மன் நமக்கு அந்நியர் அல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு ஏன் அடிக்கடி பொய்க்கிறது என்று ஆராய, அடுத்த சில ஆண்டுகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டவர் இவர்தான். அது பற்றி அவர் கொண்டுவந்த அறிக்கை ஐந்து தொகுதிகள் நீண்டது.)

செம்பும் பச்சையும் சேர்ந்தால் என்ன என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புளிக்குழம்பை ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பு ஏறும், குமட்டும், வயிறு பிரட்டும். அதனால்தான் ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுத்ததும் பாத்திரங்கள் வெளியே வந்தன. சிப்பி விஷயத்தில் களிம்பு பாத்திரத்தில் ஏறவில்லை, பண்டத்திலேயே ஏறியிருந்தது. அதைத் துலக்க முடியாது.

ஹெர்ட்மன் காலத்துக்கு ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகு இதே கதை தைவானில் இன்னும் பெரிதாக நடந்தது. 1986 ஜனவரியில், தீவின் தென்மேற்கே எர்ரென் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே, வளர்ப்புச் சிப்பிகள் பச்சையாகிப் போயின. சிப்பியும் மாவும் முட்டையும் சேர்த்துக் கல்லில் வார்க்கும் ஒரு பண்டம் அந்நாட்டின் இரவுக் கடைகளில் நம் ஊர் முட்டைதோசைபோல. செய்தி பரவியதும் அதைத் தொட ஆளில்லை. நல்ல தண்ணீரில் வளர்ந்த சிப்பியும் விலைபோகவில்லை.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வான்லி என்ற இடத்தில் பழைய உலோகம் பிரிக்கும் பட்டறைகள் ஆண்டுக்கணக்கில் இயங்கிவந்தன. வெளிநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகப் பழைய கேபிளும் மின்மாற்றியும் சர்க்யூட் பலகையும் வந்து இறங்கும். கேபிளின் மேலுறையைத் தீ வைத்து எரிப்பார்கள், பலகையை அமிலத்தில் ஊறப்போட்டு உலோகத்தை எடுப்பார்கள். எரித்த சாம்பலும் கழுவிய அமிலமும் ஆற்றுக்குப் போயின. 1989இல் அந்தக் கழிமுகத்துச் சிப்பிகளில், உலர் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 4,400 மில்லிகிராம் செம்பு அளவிடப்பட்டது. உலர் எடை என்பது சிப்பிச் சதையிலுள்ள தண்ணீரை முழுக்க வற்றவைத்த பிறகு எடுக்கும் கணக்கு. வற்றவைத்த சதையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ நாலரை கிராம் செம்பு என்றால், அது உணவா தாதுவா என்று கேட்கத் தோன்றும்.

அந்தச் சிப்பிகள் செத்துப்போகவில்லை என்பதுதான் இதில் விசித்திரம். இவ்வளவு செம்பையும் சுமந்துகொண்டு அவை பாட்டுக்குத் தின்று வளர்ந்துகொண்டிருந்தன. அது எப்படி என்று பார்க்க, ஒரு சிப்பியைத் திறந்தாக வேண்டும்.

கத்தி முனையை இரண்டு ஓடுகளும் சேரும் மூட்டில் நுழைத்துத் திருகினால் சின்னச் சத்தத்தோடு பிடி விடும். நடுவே இரண்டு ஓடுகளையும் இழுத்துப் பிடித்திருக்கும் தடித்த தசையை அறுத்தால் மேலோடு கழன்றுவரும். உள்ளே விளிம்பை ஒட்டி, மடித்து வைத்த பாவாடைக் கொசுவம்போல் வரிவரியாக இருப்பது செவுள். மீனுக்குச் செவுள் முக்கியமாக மூச்சுவிட. சிப்பிக்கு அதுவே மூச்சு, அதுவே வலை, அதுவே சல்லடை. அதன் மேலுள்ள நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து தண்ணீரை உள்ளே இழுக்கின்றன. வளர்ந்த சிப்பி ஒரு மணி நேரத்தில் சில லிட்டர் தண்ணீரை இப்படி வடிகட்டிவிடும். சிக்கும் துகள்கள் கோழையில் ஒட்டி, வாயருகே இருக்கும் இதழ்களுக்குப் போகும். அங்கே ஒரு பொறுக்கல் நடக்கும். பாசி உள்ளே போகும். வேண்டாத மண் கோழையோடு உருட்டப்பட்டு வெளியே தள்ளப்படும். இவ்வளவு சலித்தும், மண்துகளில் ஒட்டிய உலோகத்தில் ஒரு பங்கு வயிற்றுக்குப் போய்ச் சேர்கிறது. தண்ணீரில் கரைந்த உலோகமோ செவுளின் மெல்லிய தோல் வழியே நேராக இரத்தத்தில் கலக்கிறது.

உள்ளே வந்த உலோகத்தைச் சிப்பி என்ன செய்கிறது? செம்பும் துத்தநாகமும் உயிருக்குக் கொஞ்சம் தேவை, மிஞ்சினால் விஷம். சில உயிர்கள் மிஞ்சியதை வெளியேற்றிவிடும். கல்லுமேக்காய் அந்த வகை. துத்தநாகம் எவ்வளவு வந்தாலும் ஓரளவுக்கு மேல் உடலில் நிற்காது. சிப்பி அப்படியல்ல. வருவதை இரத்த அணுக்களுக்குள் சிறு பொதிகளாகக் கட்டி ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. பொதிக்குள் இருக்கும்வரை உலோகம் யாரையும் தொந்தரவு செய்யாது. ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வாழும் கல்லுமேக்காயையும் சிப்பியையும் ஆய்வகத்தில் கொடுத்தால், துத்தநாகக் கணக்கு இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதனால் ஒரு கழிமுகத்தைச் ‘சிப்பியில் சோதித்தோம்’ என்று யாராவது சொன்னால், எந்தச் சிப்பி என்று கேட்டுவிடுவது நல்லது.

காட்மியத்துக்கு வேறு ஏற்பாடு. கந்தகம் நிறைந்த ஒரு சிறு புரதம் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் புரதத்தை முதன்முதலில் கண்டுபிடித்தது கடலில் அல்ல, குதிரையின் சிறுநீரகத்தில். 1957இல் மார்கோஷெஸ், வாலி என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் பிரித்தெடுத்தார்கள். மெட்டல்லோதயோனின் என்று பெயர். குதிரைக்கும் சிப்பிக்கும் மனிதனுக்கும் அது பொது. காட்மியம் நம் உடம்புக்குள் வந்தாலும் இதே புரதம் அதைப் பிடித்துச் சிறுநீரகத்தில் உட்கார வைக்கிறது. உட்கார்ந்தது பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

சிப்பியின் கதை இருக்கட்டும். அந்த உலோகம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் தண்ணீரிலிருந்து என்பதைவிடத் தண்ணீருக்கு அடியிலிருந்து என்பதே சரி.

கலங்கிய குடிநீர்ப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். கழிமுகத்தில் அந்த வேலையைக் கடலின் உப்பு செய்கிறது. ஆற்றில் மிதந்துவரும் களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வருவதால் சேராமல் மிதக்கின்றன. உப்புநீர் பட்டதும் அந்தத் தள்ளல் அடங்குகிறது, துகள்கள் திரள்கின்றன, கனத்து அமிழ்கின்றன. களிமண்ணின் மேல் துருவும் மட்கிய இலைதழையும் படலமாக ஒட்டியிருக்கும். உலோகத்துக்குப் பிடித்த இருக்கை அந்தப் படலம்தான். ஆக, நூறு மைல் நீளத்தில் எங்கெங்கோ கரைந்து சிதறியிருந்த உலோகத்தை ஆறு கூட்டிக்கொண்டு வந்து, கடைசிச் சில மைல்களில் மொத்தமாக இறக்கி வைக்கிறது.

அலையில்லாத ஓர் ஓரத்தில் கையை விட்டுச் சேற்றைக் கிளறிப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். மேலே மெல்லிய பழுப்பு, அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு. கறுப்பைத் தொட்டதும் அழுகிய முட்டை நாற்றம் வரும். காற்று எட்டாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள், கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிட்டுக் கழிக்கும் சல்பைடின் வாடை அது. மூக்கைப் பொத்திக்கொள்ளும் நமக்கு அது செய்யும் உபகாரம் பெரியது. செம்பு, காட்மியம், ஈயம், துத்தநாகம் எதைக் கண்டாலும் சல்பைடு இறுகப் பிடித்துக் கரையாத கல்லாக்கிவிடும். பூட்டிய பெட்டிபோல உலோகம் அங்கேயே கிடக்கும். நண்டு வளை தோண்டினாலும், புழு குடைந்தாலும், புயல் அடித்தாலும், தூர்வாரும் எந்திரம் வந்தாலும் காற்று உள்ளே போகும், பூட்டு திறக்கும். நண்டுவளையின் உட்சுவர் மட்டும் பழுப்பாக இருப்பதைக் கவனித்தவர்கள் அந்தத் திறப்பைக் கண்ணால் பார்த்தவர்கள்.

செம்பு தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பச்சை தெரிந்ததும் ஆள் விலகுவார். காட்மியத்துக்கு அந்த நாணயம் கிடையாது. நிறம் இல்லை, நாற்றம் இல்லை, நாக்குக்கும் தெரியாது. மரேனின் பச்சைச் சிப்பிக்குப் பக்கத்து வீடு என்று சொல்லத்தக்க ஜிரோந்து கழிமுகத்தில் நடந்தது அதுதான்.

கரோன், தோர்தோன்யு என்ற இரண்டு ஆறுகள் போர்தோ நகரத்துக்குக் கீழே சேர்ந்து ஜிரோந்து ஆகின்றன. 75 கிலோமீட்டர் நீளம், எந்நேரமும் கலங்கிய பழுப்புத் தண்ணீர். இங்கே சிப்பி வந்துசேர்ந்ததே ஒரு விபத்து. 1868இல் போர்ச்சுகலிலிருந்து சிப்பி ஏற்றிவந்த மோர்லேசியன் என்ற கப்பல், புயலுக்கு ஒதுங்கி இந்தக் கழிமுகத்துக்குள் வந்தது. சரக்கு கெட்டுவிட்டது என்று நினைத்த கப்பல் தலைவர் அதைத் தண்ணீரில் கொட்டச் சொன்னார். செத்தது செத்தது போக, மிச்சம் ஒட்டிப் பிடித்துக் கரை முழுக்கப் பரவியது. நூறாண்டு காலம் பிரெஞ்சுக்காரர்கள் ‘போர்த்துக்கீசியச் சிப்பி’ என்று சொல்லித் தின்றது இதைத்தான். 1970களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் அதைத் துடைத்தெடுத்தது, அந்த இடத்துக்கு ஜப்பானியச் சிப்பி வந்தது. பிற்பாடு மரபணுவைப் பார்த்தபோது, போர்த்துக்கீசியச் சிப்பிக்குப் பூர்வீகம் போர்ச்சுகலே அல்ல, தைவான் பக்கம் என்று தெரிந்தது. பழைய கப்பல்களின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு அது ஐரோப்பாவுக்குப் போயிருக்க வேண்டும். எர்ரென் ஆற்று முகத்தில் பச்சையாகிப்போனது அதன் சொந்த ஊர்க் கிளை.

பிரான்ஸ் 1974இல் கடற்கரையின் தரத்தைக் கண்காணிக்க ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. தண்ணீரை மொண்டு சோதிப்பதோடு நிற்காமல் சிப்பியையும் கல்லுமேக்காயையும் சோதிப்பது என்பது அப்போது புதிதாகப் பரவிவந்த யோசனை. அமெரிக்கக் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க், உலகக் கடற்கரைகளையெல்லாம் கல்லுமேக்காய் கொண்டே கண்காணிக்கலாம் என்று 1975இல் எழுதியிருந்தார். யோசனையின் நியாயம் எளிது. குடத்தில் மொண்ட தண்ணீர் அந்த நிமிடத்தைச் சொல்லும், ராத்திரி திறந்துவிட்ட கழிவு காலையில் மொள்ளும் குடத்தில் இருக்காது. சிப்பி ராத்திரியும் அங்கேயேதான் இருந்தது.

1979 வாக்கில் ஜிரோந்துச் சிப்பிகளின் முடிவு வந்தபோது காட்மியம் தூக்கிவாரிப் போட்டது. மற்றக் கரைகளில் உலர் எடைக் கிலோவுக்கு ஓரிரு மில்லிகிராம் இருக்கும் இடத்தில், இங்கே நூறைத் தாண்டியது. ஐரோப்பிய ஒன்றியம் பின்னாளில் விதித்த வரம்பு ஈரச் சதையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், உலர் எடைக்கு மாற்றினால் ஏறத்தாழ 5. எந்தக் கணக்கில் பார்த்தாலும் இருபது மடங்கு.

கழிமுகக் கரையில் அப்படியொரு தொழிற்சாலை இல்லை. தடம் ஆற்றோடு மேலே போனது. கரோனில் வந்து சேரும் லோ ஆறு, லோவில் வந்து சேரும் ரியூ-மோர் என்ற சிற்றோடை. பெயரின் பொருளே ‘செத்த ஓடை’. அதன் கரையில் தெக்காஸ்வீல் என்ற நிலக்கரி ஊருக்குப் பக்கத்தில், 19ஆம் நூற்றாண்டிலிருந்து துத்தநாகத் தாது உருக்கும் ஆலை நடந்துவந்தது. துத்தநாகத் தாதுவில் காட்மியம் எப்போதும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஆலைக்கும் சிப்பிக்கும் நடுவே ஏறத்தாழ 400 கிலோமீட்டர், சென்னைக்கும் திண்டுக்கல்லுக்கும் உள்ள தூரம். திண்டுக்கல்லில் கொட்டியது எண்ணூர்ச் சிப்பியில் தெரிந்தால் எப்படி இருக்கும்?

அந்தக் காட்மியம் அவ்வளவு தூரம் வந்து கடைசியில் சிப்பியைப் போய் ஏன் பிடிக்கிறது என்றால், அது குளோரைடின் வேலை. நன்னீரில் காட்மியம் களிமண்ணை விட்டு நகராது. அதனால் ஆறு தெளிந்த நேரத்தில் மொண்ட தண்ணீரில் கொஞ்சம்தான் தெரியும். கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைடு. காட்மியத்துக்கு அதன்மேல் தீராத ஈர்ப்பு. உப்பு ஏற ஏறக் களிமண்ணை உதறிவிட்டுக் குளோரைடோடு சேர்ந்து தண்ணீரில் கரைகிறது. செம்பும் ஈயமும் இவ்வளவு சுலபமாக மனம் மாறுவதில்லை. நடுத்தர உப்புள்ள தண்ணீரில் கரைந்த காட்மியம் உச்சத்தைத் தொடும், இன்னும் வெளியே போனால் கடல்நீர் கலந்து நீர்த்துப் போகும். சிப்பிக்கு வாழப் பிடித்த இடமும் அந்த நடுத்தர உப்புத்தான்.

ஆலை 1980களின் நடுவில் தாது உருக்குவதை நிறுத்தியது. சிப்பியின் காட்மியம் குறையத் தொடங்கியது. ஆனால் ஆமை வேகம். 1996இல் ஜிரோந்துச் சிப்பியை உண்ண விற்பது தடைசெய்யப்பட்டது. தாது உருக்குவது நின்று ஏறத்தாழ பத்தாண்டு கழித்துத் தடை வருகிறது என்றால், மீதி எங்கிருந்து வருகிறது? லோ ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காகக் கட்டிய சிற்றணைகளின் பின்னால் பல பத்தாண்டு வண்டல் தேங்கிக் கிடக்கிறது. வெள்ளம் வரும்போதெல்லாம் அதில் கொஞ்சம் புரண்டு எழுந்து கீழே புறப்படும்.

காட்மியம் உடம்பில் சேர்ந்தால் முதலில் அடிபடுவது சிறுநீரகம், பிறகு எலும்பு. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் பாசன ஊர்களில், சுரங்கக் கழிவு கலந்த தண்ணீரில் விளைந்த அரிசி வழியாக இது பெண்களின் எலும்பை முறித்தது. வலி தாங்காமல் அவர்கள் எழுப்பிய ‘இத்தாய், இத்தாய்’ என்ற கூக்குரலே நோய்க்குப் பெயரானது. சிப்பியைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேகவைத்தால் கிருமி போகும், உலோகம் போகாது. சுத்தத் தண்ணீரில் இரண்டு நாள் வைத்திருந்து விற்பது கிருமிக்கு நல்ல வைத்தியம். காட்மியம் அதற்கெல்லாம் அசையாது, பாதி இறங்க மாதக்கணக்காகும்.

இவ்வளவையும் படித்தவர், சேற்றில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று அளந்துவிட்டால் ஆபத்தின் அளவு தெரிந்துவிடும் என்று நினைக்கலாம். அறிஞர்களும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தார்கள். அதைக் கலைத்தவர்கள் பிளிமத் கடல் ஆய்வகத்தின் ஜெஃப்ரி பிரையனும் அமெரிக்காவின் சாமுவேல் லூமாவும். 1978இல் இருவரும் இங்கிலாந்தின் பல கழிமுகங்களில் சேற்றையும், அதே சேற்றை உறிஞ்சித் தின்னும் ஒரு மட்டியையும் சேர்த்து அளந்தார்கள். சேற்றில் ஈயம் அதிகமான இடத்தில் மட்டியில் ஈயம் அதிகம் என்று கணக்கு ஒழுங்காக வரவில்லை. ஈயத்தை அந்தச் சேற்றிலுள்ள இரும்பால் வகுத்துப் பார்த்ததும் வந்தது. துரு நிறைய இருந்தால் ஈயத்தை அது விடாமல் பிடித்துக்கொள்ளும், மட்டியின் குடலுக்குக் கிடைப்பது குறையும். துரு குறைந்த சேற்றில் அதே ஈயம் சுலபமாக மட்டிக்குள் ஏறும். சேற்றில் எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். எந்த வடிவில் என்பதும் யார் தின்கிறார் என்பதும் மீதி.

பிரையனுக்கு ஆய்வகம்போல் அமைந்தது ரெஸ்ட்ராங்கெட் என்ற ஓர் உப்பங்கழி. ஹெர்ட்மன் கதையில் வந்த அதே ஃபால் கழிமுகத்தின் ஒரு கிளை. மேலே இருக்கும் குவென்னாப் சுரங்கப் பகுதி ஒரு காலத்தில் உலகத்துக்கே செம்பு கொடுத்தது. 1748இல் தொடங்கி மலைக்குள் குடைந்த வடிகால் சுரங்கம் ஒன்று, நிலத்தடி நீரையெல்லாம் கார்னன் ஓடைக்குத் திருப்பிவிட்டது. அந்த ஓடை இந்த உப்பங்கழியில் விழுகிறது. சேற்றில் கிலோவுக்கு 2 கிராமுக்கு மேல் செம்பு, துத்தநாகமும் அதே கணக்கில், ஆர்செனிக் வேறு. அதில் உயிர் இருக்காது என்றுதான் எவரும் சொல்வார். ஆனால் மண்ணைக் கிளறினால், தூண்டிலில் கோர்க்கும் கடற்புழு நெளிகிறது. அதன் உடலில் செம்பு சாதாரணப் புழுவைவிடப் பல மடங்கு. அந்தப் புழுவையும் சுத்தமான கழிமுகத்துப் புழுவையும் செம்பு கரைத்த ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார் பிரையன். சுத்தமான ஊர்ப் புழு முதலில் செத்தது. தலைமுறை தலைமுறையாக அந்தச் சேறு தாங்குகிறவற்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. புழுவுக்கு அது வெற்றி. அந்தப் புழுவைக் கொத்தித் தின்னும் பறவையும் மீனும் அந்தப் பயிற்சி பெற்றவை அல்ல.

லூமா தன் நாட்டில் எடுத்த வேலை இந்த அத்தியாயத்தில் மனம் லேசாகும் ஒரே இடம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்கோடியில், பாலோ ஆல்டோ நகரத்தின் கழிவுநீர் நிலையம் தண்ணீரை விடும் இடத்தருகே ஒரு சேற்றுவெளி. அங்கே விரல் நகம் அளவே உள்ள ஒரு மட்டி, மெல்லிய குழலை மண்ணுக்கு மேலே நீட்டிச் சேற்றை உறிஞ்சித் தின்னும். 1970களில் அவரும் குழுவினரும் அதைப் பொறுக்கி அளந்தபோது செம்பும் வெள்ளியும் மிக அதிகமாக இருந்தன. வெள்ளி எப்படி? சுற்றிலும் மின்னணுத் தொழில், ஃபிலிம் கழுவும் கூடங்கள். படச்சுருளில் இருந்த வெள்ளி சாக்கடை வழியாக வந்திருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் பல மட்டிகளில் சினையே பிடிக்கவில்லை. நிலையம் தன் சுத்திகரிப்பை மேம்படுத்தியது, ஆலைகள் சாக்கடையில் விடும் உலோகத்துக்கு நகரம் கடிவாளம் போட்டது. குழு ஏறத்தாழ மாதந்தோறும் அதே இடத்துக்குப் போய் அதே மட்டியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தது. 1980களின் இறுதிக்குள் உலோகம் வெகுவாக இறங்கியது, மட்டிகள் மறுபடி சினைப்பட்டன. ஒரே சேற்றில் பல பத்தாண்டு குனிந்து மட்டி பொறுக்கும் பொறுமைக்குப் பரிசு எதுவும் கிடைப்பதில்லை. அந்தத் தரவு இல்லாவிட்டால், சாக்கடைக்குச் செலவழித்த பணத்தால் ஏதாவது பிழைத்ததா என்று இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருப்போம்.

சென்னையின் வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் கேள்வி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். இந்தியாவின் உண்ணும் சிப்பிகளில் முக்கியமான இனத்துக்கு 1916இல் மெட்ராசின் பெயரையே வைத்தார்கள், மெட்ராசென்சிஸ் என்று. உள்ளூரில் அது ஆழி. இங்கே சேற்றோடு மனிதக் கைக்கு நேரடி உறவு உண்டு. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் பறிக்குள் போட்டுக்கொண்டே நகர்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கையில் பல ஆண்டுகளாகச் சேற்றோடு சாம்பலும் தட்டுப்பட்டுவந்தது. அனல் மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துக் குட்டைக்குக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்தும் உடைந்தும், நிலக்கரிச் சாம்பல் கழிமுகத்தின் அடியில் படிந்து ஆழத்தையே குறைத்துவிட்டது. போதாக்குறைக்கு மத்திய, தென் அமெரிக்கக் கரைகளைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு சிறு கறுப்புக் கல்லுமேக்காய் வந்து அடிமண்ணில் பாய் விரித்தாற்போல் பரவி, இறாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் காக்கா ஆழி.

நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், குரோமியம், பாதரசம் எல்லாம் சிறிதளவு இருக்கும். பிரையன், லூமா சொன்ன பாடத்தை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டும். சாம்பல் துகள் பெரும்பாலும் உலையில் உருகிக் கண்ணாடியாக இறுகிய மணி. கண்ணாடிக்குள் சிறைப்பட்டது சுலபமாக வெளியே வராது. ஆனால் ஆர்செனிக், செலினியம் போன்றவை உலையில் ஆவியாகி, புகை குளிரும்போது மணிகளின் மேற்பரப்பில் படிகின்றன. தண்ணீர் பட்டதும் முதலில் கழன்று வருவது அந்த மேற்பூச்சுத்தான். அதனால் ‘சாம்பலில் உலோகம் மிகக் குறைவு, ஆகவே ஆபத்தில்லை’ என்பதும் ‘உலோகம் இருக்கிறது, ஆகவே எல்லாம் விஷம்’ என்பதும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள். கேட்க வேண்டிய ஆள் ஆழி. அதை ஒரு தடவை கேட்டால் போதாது, மாதந்தோறும் அதே இடத்தில் கேட்க வேண்டும்.

சரி, படிந்ததை அள்ளிவிட்டால் என்ன? ஜப்பான் மினமாட்டா விரிகுடாவில் அள்ளியது. ரசாயன ஆலை விட்ட பாதரசம் மீனிலும் சிப்பியிலும் மெத்தில் பாதரசமாக ஏறி, 1956இல் நோயாக வெளிப்பட்ட இடம். 1977இல் தொடங்கி 1990 வரை ஏறத்தாழ 15 லட்சம் கன மீட்டர் சேற்றை உறிஞ்சியெடுத்து, தடுப்புச் சுவருக்குள் கொட்டி, மேலே மண் போட்டு 58 எக்டேர் நிலமாக்கினார்கள். கிளறினால் பூட்டு திறக்கும் என்ற பயம் அங்கே வேலையின் ஒவ்வொரு நாளும் இருந்தது. விரிகுடா வாயில் வலை கட்டி மீனை உள்ளேயே நிறுத்தியிருந்தார்கள், அந்த வலை 1997இல்தான் கழற்றப்பட்டது. எல்லாக் கழிமுகத்துக்கும் இப்படிச் செய்யக் காசும் இல்லை, கொட்ட இடமும் இல்லை. பெரும்பாலும் மேலிருந்து வருவதை நிறுத்திவிட்டு, புது வண்டல் பழையதை மூடும்வரை காத்திருப்பதுதான் நடக்கிறது.

மேலிருந்து வருவதை நிறுத்துவதும் சொல்வதுபோல் சுலபமல்ல. 1985இல் வெள்ளீயத்தின் உலக விலை சரிந்தது. ரெஸ்ட்ராங்கெட்டுக்கு மேலே இருந்த வீல் ஜேன் என்ற வெள்ளீயச் சுரங்கம் தள்ளாடி, 1991இல் மூடியது. நீர் இறைக்கும் பம்புகள் நின்றன. நிலத்தடி நீர் ஏறத் தொடங்கியது. சுரங்கச் சுவரின் சல்பைடுத் தாது, அத்தனை காலம் காற்றுப் பட்டிருந்ததால், அந்தத் தண்ணீரை அமிலமாக்கியது. 1992 ஜனவரியில் அது அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஏறத்தாழ 5 கோடி லிட்டர். ஃபால் கழிமுகம் செங்கல் கரைத்தாற்போல் ஆரஞ்சு நிறமானது, வானத்திலிருந்து எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் போயின.

அதன் பிறகு அங்கே பம்புகள் மறுபடி ஓடத் தொடங்கின. இறைத்த தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து, உலோகத்தைச் சேறாக்கிப் பிரித்து, தெளிந்ததைக் கார்னனில் விடுகிறார்கள். பிரித்த சேறு சுரங்கத்தின் பழைய கழிவணையில் போய்ச் சேர்கிறது. வெள்ளீயம் எடுப்பது நின்று முப்பது ஆண்டுக்கு மேலாகிறது, தண்ணீர் இறைப்பது நிற்கவில்லை. கீழே அதே கழிமுகத்தின் சிப்பித் திட்டுகளில் எந்திரப் படகுக்கு இன்றும் அனுமதி இல்லை. குளிர்காலத்தில் பாய்மரப் படகுகளும் துடுப்புப் படகுகளும் போய் இரும்புச் சட்டகம் கட்டிய வலையை அடியில் இழுத்து, பலகையில் கொட்டிச் சிப்பியைப் பொறுக்குகின்றன.